கோயில் வாசலுக்கு வந்த கோட்டு

“சனி: கோட்டைக் கொடுத்தேன். திங்கள்: கலியாணம்” என்கிறது என் நாட்குறிப்பு.

என் கலியாணக் கோட்டை வெளுக்க வாங்கிப் போனவர், பேசாலையில் ஆட்டோவில் வீடு வீடாக வந்து மலிவு ட்ரை கிளீனிங் தொடங்கியிருந்த மெலிந்த மனிதர். எந்தத் துணியையும் கண்ணை மூடி மோந்து பார்த்த பிறகே எடுப்பார்.

“கருவாட்டு வாடை போகுமோ?” என்று கேட்டேன்.

“போகும் அண்ணை. ஆனா உங்கட வளவிலை கருவாடு காயுது. வீட்டை கொண்டுவந்தா திரும்ப ஏறிடும். கலியாணத்தண்டு கோயில் வாசல்லை தாறன்.”

திங்களன்று மாதா கோயில் மணி அடித்தது, அவரைக் காணவில்லை. வெறும் சட்டையோடு நின்ற என்னை மாமியார் மேலும் கீழும் பார்த்தார். பெண் வந்திறங்கும்போதுதான் ஆட்டோவும் வந்தது. கோட்டில் வாடையே இல்லை. அதன் கைகள் மட்டும் நீண்டு என் விரல்களை மூடின.

“சுருங்கேல்லை எண்டு சந்தோசப்படுங்கோ,” என்றார் ஆட்டோவில் வந்தவர்.

அது என்னுடைய கோட்டுத்தானா என்பதை இன்றுவரை நான் உறுதிப்படுத்தவில்லை.