டெலிஹேண்ட்லர் சாய்ந்த மழை நாள்

வங்காளத்தில், கார்டன் ரீச் துறைமுகத்துப் பக்கம் ஒரு மரக் கிடங்கில் பதினான்கு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். கப்பலில் வரும் மரத்தை அங்கேயே அறுத்து லாரியில் ஏற்றி அனுப்புவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் முதலாளி டெலிஹேண்ட்லர் வாங்கினார். நீட்டிச் சுருக்கக்கூடிய இரும்புக் கை, அதன் நுனியில் பாரம் தாங்க இரண்டு முள். பத்துப் பேர் தோளில் சுமந்ததை ஒரே தூக்கில் லாரிமேல் வைத்துவிடும்.

அதை ஓட்டியவன் பெஹாலாக்காரன். என் வயதுதான், ஆனாலும் என்னை தாதா என்பான், அண்ணா என்று. என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு, நான் தொடமாட்டேன் என்று தெரிந்தும் தினமும் மீனை நீட்டுவான்.

அன்று மூன்றாவது நாளாக மழை. லாரி உள்ளே வந்தால் புதைந்துவிடும் என்று டிரைவர் கல் பாவிய இடத்திலேயே நிறுத்திவிட்டு, சீக்கிரம் ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் சேறு.

"தாதா, லாரியைக் கிட்ட வரச் சொல்லுங்க. இவ்வளவு தூரம் நீட்டினா பாரம் தாங்காது" என்று வங்காளியில் சொன்னான்.

"ஆர் எக்டு" என்று கையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம்தான் என்று.

நீட்டினான். இடது முன்சக்கரம் மண்ணில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. அவன் வெளியே குதித்தான். குதித்த பக்கமே வண்டியும் விழுந்தது. சேற்றில் விழுந்ததால் பெரிய சத்தம்கூட இல்லை. கடப்பாரை போட்டு நெம்பி அவன் காலை எடுக்க அரைமணி நேரம் ஆனது. அவனுக்கு நினைவு இருந்தது. "வீட்டுக்குச் சொல்லாதீங்க, அண்ணனுக்கு மட்டும் போன் போடுங்க" என்றான்.

ஆஸ்பத்திரியில் அவன் அண்ணன் வந்தபின் டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"ஏன்னா, பேண்ட் பூரா சேறா இருக்கே?" என்றாள் மனைவி.

"யார்டுல வண்டி சாஞ்சுடுத்து."

"யாருக்காவது அடியா?"

"ம்."

ரசம் சாதம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரிக்க வந்த முதலாளியிடம், கட்டிலில் படுத்தபடி, "நானாத்தான் நீட்டினேன்" என்றான். பக்கத்தில் நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளியின் அறைக்குப் போய், நீட்டச் சொன்னது நான்தான் என்றேன். அவர் நிமிரவில்லை. "ரிப்போர்ட் போயாச்சு. இப்ப வந்து எதுக்குச் சொல்ற?" என்றார் ஹிந்தியில். வெளியே வந்து அன்றைய லோடைக் கவனித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவுக்குப் போனேன். டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்க வேலையும் போனா என் கால் முளைச்சிடுமா தாதா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், வரவில்லை.

வண்டியைச் சரிசெய்தார்கள். புது ஓட்டுநர் வந்தான். பழையவன் அண்ணனோடு சேர்ந்து மொபைல் ரீசார்ஜ் கடை வைத்தான். இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தேன், பிறகு போகவில்லை. நாலு வருஷம் கழித்து நான் வேலையை விட்டபோது காரணம் கேட்டார்கள். முதுகுவலி என்றேன்.