காந்தக் குழாய்க்குள் ஒரு ஷூ நாற்றம்

நாற்றத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தாலும் சரி.

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வண்டிகளுக்கான இரும்புப் பாகங்களை வார்க்கிறார்கள். வார்த்து வந்த பாகத்தின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைக் கிரைண்டரில் தேய்த்து எடுப்பது என் வேலை. அங்கே எண்ணெய் நாறும், கருகிய கல் நாறும், பக்கத்தில் நிற்கிறவன் வேர்வை நாறும். அதெல்லாம் பழகிவிட்டது. ஒரு நாள் பழகாத ஒன்று வந்தது. பழைய டயரைக் கொளுத்தி அதன்மேல் அழுகிய முட்டையை உடைத்து ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி. மூக்கோடு நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு எங்கேயாவது ஒயர் எரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவனையும் கேட்டேன்.

"இன்னா நாத்தம்? உன் சாக்ஸா இருக்கும், போ," என்றான்.

கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. பிறகு வேறொரு நாள் வந்தது. அப்புறம் அடிக்கடி வந்தது. நான் ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்த, சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னாபா, உனுக்கு மட்டும் தனியா நாறுதா? கேட்ல மோப்பம் புடிக்க நாய் வேணும்னாங்க. உன் பேர குடுக்கட்டா?"

லைனே சிரித்தது. அன்றிலிருந்து அங்கே எனக்கு மோப்பம் என்று பெயர். "மோப்பம், டீ வந்துட்ச்சா பாரு" என்பார்கள். இன்றைக்கும் சில பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம்தான் கம்பெனி பஸ்ஸில் நடந்தது. ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் பக்கம் திரும்பும் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்றம் வந்தது. அதற்கப்புறம் எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது பஸ்ஸின் தரையில் கிடந்தேன். ரப்பர் விரிப்பில் யாரோ பாக்கு மென்று துப்பிய கறை என் கன்னத்துக்குக் கீழே இருந்தது. நாக்கைக் கடித்திருந்ததால் வாயெல்லாம் ரத்தம். வலது கையில் டிரைவரின் ஸ்பேனரை வைத்து, அது விழாதபடி என் விரல்களை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மூக்கின் மேல் ஒரு சேஃப்டி ஷூ.

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்துச் செருப்பை முகரவைத்தால் நின்றுவிடும் என்று நம் பக்கத்தில் நம்புகிறார்கள். செருப்பாவது காற்று பட்டுக் கிடக்கும். இது ஒரு முழு ஷிப்டும் கால் வெந்த ஷூ. உள்ளே தோல் நனைந்து வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பு என் மேலுதட்டில் ஒட்டியது. நான் அப்படியே வாந்தி எடுத்தேன்.

"பாத்தியா, எட்த்துட்டான். எறங்கிட்ச்சு," என்றார் ஷூவுக்குச் சொந்தக்காரர். அவர் குரலில் அத்தனை பெருமை. அதே ஷூவை என் எதிரிலேயே உதறி மாட்டிக்கொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் அதுதான் வருகிறது.

மறுநாள் என்னைக் கிரைண்டரிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். சுற்றுகிற கல்லின்மேல் நான் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அதனால் அது சரிதான். ஆனால் சூப்பர்வைசர் அதோடு விடவில்லை. "ஓவர்டைம் பாக்க முடியலன்னா வாயத் தொறந்து சொல்லணும். பஸ்ல பொரண்டு டிராமா போடக் கூடாது," என்றார். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தவன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனால், "வாய் வெச்சிக் குடிக்காத மோப்பம், எங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றான் இன்னொருவன். வலிப்பு ஒட்டாது. அவன் எச்சில் கை பட்ட பாட்டிலில் என்னென்ன ஒட்டும் என்பது வேறு கதை.

உங்கள் அம்மாதான் என்னைச் சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலிப்பு வர்றதுக்கு முன்னாடி ஏதாவது கெட்ட நாத்தம் வருமா?" என்றார்.

சிரிக்காமல் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். டயர், முட்டை எல்லாம் சொன்னேன்.

"அது மெஷின்லேர்ந்து வரலைங்க. உங்க மூளையில ஒரு சின்ன இடம் கெட்டுப்போய் இருக்கு. அது சும்மா இருக்காம துடிக்கும்போது, மூக்குல ஒண்ணுமே இல்லாம நாத்தம் தெரியும். துடிப்பு பரவினா வலிப்பு."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ இன்னும் அருவருப்பாகிவிட்டது. இத்தனை நாள் மெஷினுக்கு அடியில் தேடிய அசிங்கம் என் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைக் கழுவ முடியாது.

மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா, அந்த இடத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம். எடுங்கள், இன்றைக்கே எடுங்கள் என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இடது பக்கம் இருக்கு. பேச்சும் அந்தப் பக்கம்தான் இருக்கும், முக்காவாசி பேருக்கு. கெட்டதுக்குப் பக்கத்துலயே பேச்சு இருந்தா, அதை எடுக்கப் போய் இதுவும் போயிடும்."

உங்கள் அம்மா கேட்டாள். "பேச்சு பூட்டா... பசங்க பேராவது சொல்லுவாரா, டாக்டர்?"

"அதைத்தான் படம் எடுத்துப் பாக்கப்போறோம்."

அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தக் குழாய். சாதாரணமாக அது உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும். எனக்கு எடுத்தது மூளை வேலை செய்வதையே பிடிக்கிற படம். எங்கள் லைனில் எந்த ஸ்டேஷன் ஓடுகிறதோ அங்கேதான் டிராலி அதிகமாகப் போகும். மூளையிலும் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் போகுமாம். காந்தம் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆளை ஒரு வேலை செய்யச் சொல்லி எடுப்பார்கள், சும்மா இருக்கச் சொல்லி எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் படம்.

கிரைண்டர் ஆள் என்று சொன்னதும் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரும்புத்தூள் ஏதாவது கண்ணில் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையைக் கெடுத்துவிடுமாம். ஒன்றும் இல்லை. வாசலில் டெக்னீஷியன் பெண், "இரும்பு ஏதாவது வெச்சிருக்கீங்களாண்ணா?" என்றபோது ஸ்பேனர் ஞாபகம் வந்து உள்ளங்கை கூசியது.

படுக்க வைத்து, தலையைச் சுற்றிப் பஞ்சை அடைத்து, முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். பஞ்சில் எனக்கு முன்னால் படுத்தவர்களின் தலையெண்ணெய் வாடை. கூண்டில் ஒரு கண்ணாடி. அதில் ஒரு எழுத்து தெரிந்தால், வாயை அசைக்காமல், அந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கூட்டல் குறி தெரிந்தால் சும்மா இருக்க வேண்டும்.

மெஷின் இடிக்க ஆரம்பித்தது. 'க' வந்தது. கல், கட்டில், கதவு என்று நல்லபடியாகத்தான் தொடங்கினேன். அப்புறம் எழுத்துகள் மாற மாற, சூப்பர்வைசர் முகம் நினைவுக்கு வந்து, உங்களுக்குச் சொல்லக் கூடாத வார்த்தைகளாக வரிசைகட்டின. தடுக்க முடியவில்லை. கூட்டல் குறி வந்ததும் பயந்துபோய், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். குறி வரும்போதெல்லாம் அதுதான்.

முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரம்மாவின் குரல் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் கேட்டது.

"ரெஸ்ட்ல என்ன பண்ணீங்க?"

"ஜெபம் பண்ணேங்க."

"வாய்விட்டா?"

"இல்லைங்க, மனசுக்குள்ள."

"மூளைக்கு அதுவும் பேச்சுதாங்க. ரெண்டு நேரமும் பேசிக்கிட்டே இருந்தா எனக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? திரும்ப எடுக்கலாம். குறி வந்தா ஒரு வார்த்தைகூட நினைக்காதீங்க. திரும்பவும் இப்படியே வந்தா இதை வெச்சு என்னால எதுவும் சொல்ல முடியாது."

வார்த்தை இல்லாமல் எப்படி இருப்பது? நீங்களே முயன்று பாருங்கள். 'நினைக்கக் கூடாது' என்று நினைப்பதே வார்த்தையாக வருகிறது. மெஷின் மறுபடி இடித்தது. எழுத்து வந்து போனது, கூட்டல் குறி வந்தது. உங்கள் பெயர்கள் மனதின் வாசலில் நின்றன. அவற்றுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. வேறு வழி தெரியாமல் அந்த ஷூவை நினைத்தேன். மேலுதட்டில் ஒட்டிய ஈரத் தோல், வெந்த காலின் வாடை. குமட்டலுக்கு வார்த்தை கிடையாது. குறி வந்தபோதெல்லாம் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வாந்தி வரும்போல இருந்தது. ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை.

"இப்ப நல்லா வந்திருக்கு," என்றார் டாக்டரம்மா. என்ன நினைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பின்னர் ஒரு நாள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளையில் ஆரஞ்சு நிறத் திட்டு. அதுதான் என் பேச்சு. கெட்ட இடத்தைப் பேனாவால் காட்டினார். இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன.

"இதை மட்டும் வெச்சு சொல்லலைங்க. மத்த டெஸ்டும் அதையேதான் சொல்லுது. இப்ப கத்தி வெக்க வேணாம். மருந்துலயே பாப்போம்."

அப்படியென்றால் அந்த நாற்றம் என்னோடேயே இருக்கும். வெளியே வந்து குழாயடியில் நின்று முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "தோல் உரியப்போவுது, வுடு," என்றாள் உங்கள் அம்மா.

புது மருந்தில் குறைந்திருக்கிறது, போகவில்லை. கம்பெனியில் வலிப்பு வந்தால் பழைய கதைதான். அந்த டாக்டரம்மா சொன்னதை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். இரும்பு வேண்டாம், செருப்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருந்தால் போதும், நெடுநேரம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று. ஷூக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு என் ஷூலதான எழுந்த?" என்றார். அந்த மனிதரோடு இனி என்ன பேசுவது?

போன மாதம் வீட்டிலேயே வந்தது. அதை நான் பார்க்கவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். சின்னவனே, நீ தலையணையை என் தலைக்குக் கீழே வைத்து என்னை ஒருக்களிக்கத் தள்ளினாயாம். எதிர்வீட்டு அத்தை கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாராம். பெரியவளே, நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாயாம்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க, அத்தை."

"அப்பன் உள்ள இழுத்துக்கினு கெடக்குறான், வாய் பேசுது பாரு," என்று அவர் திட்டிக்கொண்டே போனாராம். இன்னும் அவர் நம்மோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

நான் கண் திறந்தபோது மூக்கருகில் எதுவும் இல்லை. அரிசி வேகிற வாசனை மட்டும் வந்தது. உங்கள் பெயர்களைச் சொல்லப் பார்த்தேன். வலிப்புக்குப் பிறகு எப்போதும்போல் நாக்கு தேடியது. பெரியவள் பெயர் முதலில் வந்தது, சின்னவன் பெயர் கொஞ்சம் தாமதமாக வந்தது.