பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

முதலில் வந்தவை இரண்டு ஸ்பீக்கர்கள்தாம். கீழக்கரையில் ஒரு மின்சாதனக் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். கடைக்குப் பின்தெருவில் இருந்த ஒரு குடும்பம் சென்னைக்குக் குடிபோனது. அந்த வீட்டம்மா கடைக்கு வந்து, "எங்க வீட்டுல அவங்க துபாய்லேர்ந்து ஆசையாக் கொண்டாந்தது. வண்டியில எடமில்ல. வச்சுக் கேக்குறவங்க யாராச்சும் எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றார். நான் எடுத்துக்கொண்டேன். சிக்கல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒன்றை மடியிலும் இன்னொன்றைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீடு சிக்கலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் மிளகாய்க் காடு, அதைத் தாண்டினால் கண்மாய்க்கரை. கணவருக்கு விவசாயம். மாமியார், நான்கு வயது மகள், நாங்கள் இருவர், அவ்வளவுதான் குடும்பம்.

ஸ்பீக்கர்களைச் செல்போனில் நேராக மாட்டினால் பாடாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உறைத்தது. சில மாதம் அவை அலமாரி மேல் சும்மா கிடந்தன. அந்தத் தீபாவளிக்கு முதலாளி, ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தார். நல்ல செம்பு ஒயர் வாங்கினேன். ஹாலோபிளாக் கற்களை அடுக்கி, ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருக்கும் ஆளின் காது உயரத்துக்கு வரும்படி வைத்தேன். ஹாலில் நான் உட்காரும் இடத்துக்கு இரண்டும் ஒரே தூரம் இருக்கும்படி நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கரையும் விட்டு நடுவில் வந்து நின்றார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார், "நடுவுல ஒண்ணுமே இல்லையே, அங்கன இருந்து ஆரு பாடுறா?" என்று கேட்டு, சுவரோரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சின்ன ஸ்பீக்கர்களில் உறுமியும் தவிலும் தட்டையாகக் கேட்டன. அடிவயிற்றில் வந்து இறங்கும் அந்தக் கனத்த ஓசை இல்லை. அதற்கு ஊஃபர் வேண்டும். மதுரையிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பார்சலில் வரவழைத்தேன். சிக்கலில் ஓர் ஆசாரியிடம் அளவு கொடுத்துக் கெட்டிப் பலகையில் பெட்டி செய்யச் சொன்னேன். பின்பக்கம் குழாய் வைக்க நான் வட்டம் போட்டுக் காட்டியதும் அவர், "இம்புட்டுப் பெரிய ஓட்டை எதுக்குத்தா?" என்றார்.

"பாதிச் சத்தம் அது வழியாத்தாண்ணே வரும்."

அவர் நம்பவில்லை, ஆனாலும் அறுத்துக் கொடுத்தார். தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் கை நுழையும் அளவுக்கு அகலமான பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு வாங்கி அதில் பொருத்தினேன். உள்ளே எதிரொலி அடங்க இலவம்பஞ்சு திணித்தேன். பெரிய ஸ்பீக்கரை முன்பக்கத்தில் நானே திருகாணி போட்டு முடுக்கினேன். பெட்டியைப் பின்கதவுக்குப் பக்கத்து மூலையில், குழாயின் வாய் சுவரைப் பார்க்க, ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தேன். மூலையில் வைத்தால்தான் ஓசை பெருகும். முதல் பாட்டிலேயே தரை அதிர்ந்தது. மகள் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "கூசுதும்மா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து பகலில் அவள் தூங்கும் இடம் அதுவாகிவிட்டது. பெட்டியோரம் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள்.

மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்தது. மிளகாய்ச் செடிகள் தண்ணீரில் நின்றன. கணவர் மண்வெட்டியோடு வரப்பை வெட்டிவிடுவதிலேயே பொழுதைக் கழித்தார். அந்த மழையில்தான் இரைச்சல் ஆரம்பித்தது.

பாட்டு முடிந்து அமைதியாகும்போது மூலையிலிருந்து ஓர் இரைச்சல். சில நொடி வந்து அடங்கிவிடும். ஈரக்காற்றில் ஒயர் முனையில் பச்சை பிடித்திருக்கும் என்று எல்லாவற்றையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் இரைந்தது, விட்டால் நின்றது. அப்படியானால் லூஸ் காண்டாக்ட்தான் என்று முடிவு செய்தேன். உள்ளே பஞ்சு சரிந்து ஒயரை இழுக்கிறதோ என்று, ஒரு நாள் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கையை விட்டு, குழாய் வழியாக முழங்கை வரை நுழைத்துத் துழாவினேன். பஞ்சு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே குளிர்ச்சியாக, சொரசொரப்பாக ஏதோ விரல் நுனியில் பட்டது. நான் போட்டிருந்த ஒயருக்கு மேலே வலைப்பின்னல் உறை உண்டு. அதுதான் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மாமியார் சமையலறையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கணவர் காட்டில் இருந்தார். மகள் பெட்டியோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். நான் மெதுவாக ஒரு பாட்டை வைத்தேன். முடிந்ததும் இரைச்சல் வந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். இரைச்சல் நிற்கவில்லை. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கும் என்று சொல்லிக்கொண்டு, போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் என் கையில் இருந்தது.

பெட்டி சீறியது.

குக்கரில் விசில் வருவதற்கு முன் ஆவி பீறிடுமே, அப்படி. நீளமாக ஒரு மூச்சு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு மூச்சு. மின்சாரம் இல்லாத பெட்டி மூச்சு விட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மகள் துள்ளி எழுவாள். அவள் தலைக்கும் அந்தச் சுவர் இடைவெளிக்கும் நடுவில் என் கை நீளம் கூட இல்லை.

நான் குனிந்து, ஓசை எழாமல் நகர்ந்து, பாயின் கால்மாட்டு நுனியைப் பிடித்தேன். இழுத்தேன். டைல்ஸ் தரையில் பாய் வழுக்கிக்கொண்டு வந்தது. மகள் தூக்கத்திலேயே முனகினாள். சீறல் நின்றது. நின்றது இன்னும் பயமாக இருந்தது. வெளியே வந்துவிட்டதா என்று தெரியவில்லை. பெட்டியின் பக்கவாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பாதி ஹால் வரை இழுத்து, அவளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"என்னத்தா, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு?" என்றார் மாமியார்.

"அத்தை, பாப்பாவத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போங்க. பெட்டிக்குள்ள ஏதோ கெடக்கு."

"எலியா?"

"எலி சீறாது அத்தை."

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

நானும் பின்னாலேயே போயிருப்பேன். வாசல் நிலையைத் தொட்டும் விட்டேன். ஆனால் அந்த ஹாலிலிருந்து இரண்டு அறைகளுக்கு வழி. கட்டில்கள், நெல் மூட்டை, விதை மிளகாய்ச் சாக்கு, துணி மூட்டை. பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டால் அதை எங்கே தேடுவது? அன்றைக்கு எங்கே படுப்பது, நாளைக்கு எந்தச் சாக்கைத் தூக்குவது? உள்ளே இருக்கும் வரைதான் அது எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும்.

பூஜை அலமாரியிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் நின்று, தாம்பாளத்தைச் செங்குத்தாகச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நுழைத்து, விளக்குமாற்றுக் கட்டையால் உள்ளே தள்ளினேன். பிறகு முழுப்பலத்தையும் கொடுத்துத் தோளால் பெட்டியைச் சுவரோடு நெருக்கினேன். அது நகர்ந்ததும் உள்ளே மறுபடி சீற்றம். குழாய்வாய் தாம்பாளத்தில் மோதி அடைத்துக்கொண்ட அதே நேரம், தாம்பாளத்தின் மேல் 'டண்' என்று ஓர் அடி விழுந்தது. உள்ளிருந்து விழுந்த அடி.

அதற்குப் பிறகு என்னால் பெட்டியை விட்டு விலக முடியவில்லை. விலகினால் அது தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று தோன்றியது. முதுகைப் பெட்டியில் கொடுத்து, கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். பலகையின் அந்தப் பக்கம் எது புரள்கிறது, எது அடங்குகிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. சில சமயம் அது புரண்டதா, என் உடம்புதான் நடுங்கியதா என்று தெரியவில்லை. வாசலில் மாமியார் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக, "வாராங்களாம்க்கா. ரோட்டுல தண்ணி போகுதாம், சுத்தித்தான் வரணுமாம்" என்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளும் வரவில்லை.

கணவர் முதலில் வந்தார். சேற்றுக் காலோடு ஓடிவந்து, என்னைப் பார்த்ததும் நின்றார்.

"எந்திரி. நான் புடிச்சுக்கிறேன்."

"வேணாங்க. அசைஞ்சா சீறுது."

அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் தோளையும் பெட்டியில் முட்டுக்கொடுத்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "பெட்டியோட தூக்கிக் கொளுத்திருவோம்" என்றார் மெதுவாக. அந்த நேரத்தில் நான் சரி என்றுதான் தலையாட்டினேன்.

தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் பெட்டியைத் தட்டாமல் காதை மட்டும் கொண்டுபோய்க் கேட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "சாரையில்ல" என்றார். சைக்கிள் டியூபால் தாம்பாளத்தைப் பெட்டியோடு இறுக்கிக் கட்டி, கணவரும் அவர்களுமாகத் தூக்கி மாட்டுத் தொழுவத்துக் கூரைக்கடியில் வைத்தார்கள்.

"இதை எங்கிட்டுத் தொறக்குறது?" என்று மூத்தவர் கேட்டார். "குழா வழியா வெளிய விட்டா நம்ம பக்கந்தான் பாயும்."

"முன்னாடி ஸ்பீக்கரைக் கழட்டணும் சார்."

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

அவர் பாம்பு பிடிக்கும் கொக்கியைக் கையில் எடுத்தார். "அப்ப நீயே கழட்டும்மா. எந்தப் பக்கம் தூக்கணும், உள்ள ஒயர் எங்கன இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். கடைசித் திருகாணிய மட்டும் எனக்கு விட்டுரு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தில் நிற்கவில்லை. கறுப்புக் காகிதக் கூம்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. அதற்குப் பின்னால் இருப்பதற்கும் எனக்கும் நடுவில் அந்தக் காகிதம்தான். கடைசித் திருகாணிக்கு முன்னால் அவர் என் தோளைத் தட்டினார். நான் பின்னால் ஓடி மாட்டுக்குப் பின்னே நின்றுகொண்டேன்.

அவர் கொக்கியால் ஸ்பீக்கரைச் சாய்த்து எடுத்தார். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவில் அது சுருண்டு கிடந்தது. என் கை மணிக்கட்டை விடத் தடிமன். பழுப்பு உடம்பில் சங்கிலி மாதிரி கரிய வளையங்கள்.

"கண்ணாடி விரியன்" என்றார் மூத்தவர், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில்.

அதைக் கொக்கியில் தூக்கிச் சாக்கில் விட்டுக் கட்டும் வரை நான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு நினைவில் இருப்பது மாட்டின் முதுகுமயிர் மட்டும்தான். பிறகு அவர் பஞ்சு முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டுக் கிளறினார். அடியில் எலிக்கூடு இருந்தது, எலி இல்லை. "எலியத் தொரத்தி வந்திருக்கும். வெளிய பூராம் தண்ணி, உள்ள கதகதன்னு பஞ்சு. பொறகு எதுக்குப் போகப்போகுது" என்றார்.

நான் கையைக் குழாய்க்குள் விட்டதை அவரிடம் சொன்னேன். எந்த நாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு உள்ள இருந்துச்சா இல்லையான்னு ஆரும்மா சொல்ல முடியும்? ஒயராவும் இருக்கலாம்."

அவர்கள் போன பிறகு அன்று இரவு எல்லோரும் பக்கத்து வீட்டில் படுத்தோம். மறுநாள் வீட்டில் ஒவ்வொரு சாக்காகக் கம்பால் தட்டிப் பார்த்து வெளியே எடுத்தோம். மழைக்காலம் முழுவதும் பெட்டி தொழுவத்தில் கிடந்தது. சின்ன ஸ்பீக்கர்களுக்கும் பின்னால் விரல் நுழையும் ஓட்டைகள் இருப்பது அப்போதுதான் என் கண்ணை உறுத்தியது. அவற்றில் துணியை அடைத்து, போர்வை போட்டு மூடிவைத்தேன். குக்கர் சீறினால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பஸ் பிரேக்கின் காற்றுச் சத்தத்துக்குக் கூட ஒருமுறை மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். வேலைக்கு நடுவில் வலது கையைப் பார்ப்பேன். அதில் ஒன்றும் இருக்காது.

மாசியில் மிளகாய்ப் பழம் எடுத்துக் களத்தில் காயப்போட்ட சமயம், கணவர்தான் பெட்டியை வெயிலில் கொண்டுவந்து வைத்தார். "கொளுத்தவா, வச்சுக்கிறியா?" என்றார்.

நான் கீழக்கரையிலிருந்து கெட்டியான கம்பிவலை வாங்கி வந்து, குழாய்வாயில் நான்கு பக்கமும் முடுக்கினேன். பஞ்சுக்குப் பதிலாகத் தலையணை நாரைத் திணித்தேன். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரும்பு மேசை மேல், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தேன். மூலையிலிருந்து வந்த கனம் அங்கே வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மாமியார், "போடுறதுன்னா போடுத்தா. நான் வாசல்லயே ஒக்காந்து கேட்டுக்கிறேன்" என்றார். இன்றும் அப்படித்தான் கேட்கிறார்.

நானும் கேட்கிறேன். உறுமி தரையை அதிரவைக்கும்போது பயம் இல்லை. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் அமைதிதான் என்னால் தாங்க முடியாதது. அதனால் ஒரு பாட்டின் வால் அடங்குவதற்குள் அடுத்தது ஆரம்பிக்கும்படி போனில் மாற்றிவைத்திருக்கிறேன்.