என் தொகுதிக்கு என்ன வேணும்?

இன்னைக்கு மத்தியானம் ஃபேக்டரி கேண்டீன்ல சோத்துல கை வச்ச நேரம் ஒரு போன். இடைத்தேர்தலுக்குக் கருத்துக் கணிப்பாம். பேசினது ஒரு தமிழ்ப் பொண்ணு.

"அக்கா, உங்க தொகுதிக்கு முதல்ல என்ன செய்யணும்? ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"பஸ் விடணும். புக்கிட் பெருந்துங்ல எங்க வீட்டுப் பக்கம் பஸ்ஸே வர்றதில்ல லா."

"அது வேற தொகுதி, அக்கா. உங்க ஓட்டு ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்து விலாசத்துல இருக்கு."

உண்மைதான். தோட்டத்தை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம். ஐசியில, அதான் அடையாள அட்டையில, விலாசம் மாத்தணும்னு வருஷா வருஷம் நினைக்கிறதோட சரி.

"அங்க நாங்க குடியிருந்த லயத்து வீடுங்களையே இடிச்சிட்டாங்கம்மா. இப்ப வெறும் செம்பனை மரம்தான் நிக்குது."

"புரியுதுக்கா. ஆனா ஏதாவது சொன்னாத்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்."

யோசிச்சுப் பார்த்தேன். அங்க இருக்கிறவங்களுக்கு வேணும்கிறதைத்தானே கேட்கணும்?

"உரம்னு எழுதிக்கம்மா."

எழுதிக்கிட்டா.

எங்க லயத்து ஆளுங்களே, உங்க ஓட்டும் இன்னும் அங்கதானே? போன் வந்தா எல்லாரும் உரம்னே சொல்லுங்க. இந்தத் தடவையாவது நாம கேட்டது கிடைக்குதான்னு பார்ப்போம்.