தயிராக உறையாத பொடி

என் தங்கை பத்மஜா பாருய்ப்பூரில் கோழி வளர்க்கிறாள். கொட்டகை ரஞ்சன் பாபுவுடையது. இந்த வருஷ மழையில் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டு, தரையில் பரப்பிய உமி சொதசொதவென்று ஊறி, நாற்றம் தெருக்கோடி வரை போயிற்று. அக்கம்பக்கத்தார் பஞ்சாயத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ரஞ்சன் பாபு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"பத்மா தீதி, இன்னும் ஒரு பேட்ச் பாக்கறேன். இதே நாத்தம்னா கொட்டகையைக் காலி பண்ணிடுங்க."

கால்நடை டாக்டர் கழிச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அடுத்த குஞ்சுகளுக்கு முதலிலிருந்தே புரோபயாட்டிக் கொடுக்கச் சொன்னார். குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள் அடங்கிய பொடி. இரண்டு வகை கிடைத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நகரத்தில், லேக் மார்க்கெட்டில் இருக்கும் என் டிபன் கடைக்கு வந்தாள்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் முப்பது வருஷமாகப் பாலுக்கு உறை ஊற்றுகிறவன். இரண்டு கிண்ணம் வெதுவெதுப்பான பாலில் ஒவ்வொரு சிட்டிகை போட்டு வைத்தேன். ஏழு மணி நேரத்தில் ஒன்று கெட்டித் தயிர். மற்றது பாலாகவே கிடந்தது.

"இது செத்த பொடி. தூக்கிப் போடு பத்மா."

"உன் கடைக்கு வர்றவங்க தயிர் கேப்பாங்க அண்ணே. என் கோழி கேக்கல."

டப்பாவில் எழுதியிருந்ததை அவள் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். தயிரானதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். மற்றது விதைபோல ஓடு கட்டி உறங்கும் வகை. சூடு தாங்கும், குடலுக்குள் போய்த்தான் விழிக்கும்.

வங்காளிகளின் பாத்ர மாதப் புழுக்கத்தில், நம் ஆவணியில், புதுக் குஞ்சுகள் வந்தன. கொட்டகையை வலை கட்டி மூன்றாகப் பிரித்தாள். ஒரே தீவனம், ஒரே தண்ணீர். முதல் பகுதிக்குப் பொடியே இல்லை. இரண்டாவதுக்குத் தீவனத்தில் தயிரான பொடி, மூன்றாவதுக்கு உறங்கும் பொடி. வாரம் தவறாமல் பகுதிக்குப் பத்துக் குஞ்சு எடை போட்டு நோட்டில் எழுதினாள். "என் தயிர்க் குஞ்சுங்க எப்படி இருக்கு?" என்று தினமும் போன் செய்தேன். "உன்னைத்தான் விசாரிச்சுது" என்பாள்.

மூன்றாம் வாரம் நேரில் போனேன். தகரக் கூரை கொதித்தது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கைப்பிடி உமியை என் கையில் வைத்தாள்.

"இறுக்கிப் பிடிச்சுப் பாரு. ஈரம்னா உருண்டையா நிக்கும்."

முதல் உமி கொழுக்கட்டை மாதிரி நின்றது. தயிர்ப் பொடிப் பகுதியின் உமியும் நின்றது. கொஞ்சம் விரிசல், அவ்வளவுதான். மூன்றாவது விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"உன் கிருமி நல்ல கிருமிதான் அண்ணே. இந்தச் சூட்டுல வயித்துக்குள்ள போற வரைக்கும் தாங்கலை போல."

நான் கையைக் கழுவிக்கொண்டேன். அன்றே ஈர உமியை அள்ளிக் கொட்டி, எல்லாக் குஞ்சுகளையும் மூன்றாவது பகுதியின் பொடிக்கு மாற்றினாள்.

ஆறாம் வாரம் ரஞ்சன் பாபு வந்தார். கொட்டகையின் அந்தக் கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பினார். துண்டு தோளிலேயே கிடந்தது.

"பூஜைப் பண்டிகை முடிஞ்சதும் அடுத்த குஞ்சு எந்தத் தேதி இறக்கறீங்க?" என்றார்.

பத்மஜா நோட்டைத் திறந்து தேதி சொன்னாள்.