நாற்பதில் உளியைக் கீழே வைக்க

ஓய்வு பெறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த அலுவலகத்தில், எந்த முகப்பில், எத்தனை நகல்களோடு போய் நிற்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களுக்கு நிரப்பிக்கொடுத்த விண்ணப்பப் பாரங்களை ஐம்பத்தைந்தாவது வயதில் எனக்கே நிரப்பிக்கொண்டேன். ஒரு திருத்தமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். என் வாழ்க்கையின் பெரிய சாதனை அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது வங்கியிலிருந்து வரும் பிள்ளைகள் வண்ணப் படங்களை விரித்து, நாற்பத்தைந்திலேயே வேலையை விட்டுவிடலாம் என்று சொல்கிறார்கள். இலக்கு வைக்க வேண்டுமாம், மாதாமாதம் எவ்வளவு நெருங்கினோம் என்று பார்க்க வேண்டுமாம். அப்படி இலக்கு வைத்து, மாதாமாதம் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வங்கிப் படி ஏறியதே இல்லை.

அவர் என் அக்காவின் கணவர். மலாயாவில், புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது உளியால் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். நான் குவாலா சிலாங்கூரில் ஆங்கிலம் படித்து முடித்து, அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். அப்பா அம்மா இல்லை. சாப்பாடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அக்கா வீட்டில்.

நாற்பது வயதில் உளியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது மாமாவின் திட்டம். தோட்டத்தில் ஓய்வுக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. கண் மங்கி, மரத்தில் காயம் விழத் தொடங்கியதும் உளியை வாங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுப்பார்கள். சம்பளம் குறையும். மண்வெட்டியும் தூக்க முடியாமல் போனால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். மாமாவின் அப்பா மண்வெட்டிக் கட்டத்திலேயே, புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது சாய்ந்து விழுந்து இறந்தார். அதனால் நடைமுறையின் கடைசிப் பகுதி அவருக்குத் தேவைப்படவில்லை.

"அந்த மண்வெட்டிய என் கையில குடுக்கறதுக்குள்ள நானா எறங்கிடணும் மாப்ள" என்பார் மாமா. "ஒரு துண்டு நெலம், ரெண்டு பால் மாடு, மேல ஒரு கூரை. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

இது லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவருக்கு 'பென்சன்' என்றே பெயர் வைத்துவிட்டார். விடியற்காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும்போது, "என்னாப்பா பென்சன், இன்னிக்கு வேலைக்கு வந்தியா, இல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறியா?" என்று கேட்பார். வரிசையே சிரிக்கும். மாமாவும் சிரித்துக்கொண்டே, "மாடு ஒன்னயத்தான் கேட்டுச்சு மண்டோரே, சாணி அள்ள ஆள் வேணுமாம்லா" என்பார்.

பணத்தைச் சேர்ப்பது அக்காவின் பொறுப்பு. சம்பள நாளன்று கடைக்கடனை அடைத்துவிட்டு, மிஞ்சியதை மஞ்சள் துணியில் முடிந்து அரிசி டின்னின் அடியில் வைப்பாள். லட்சுமி அரிசியில் இருக்கிறாள், காசும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் லயத்தில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த பொருளாதாரம். டின் மூடியின் உட்புறத்தில் பொட்டு வைக்கும் சாந்தால் மூன்று வரிசைப் புள்ளிகள். ஒன்று நிலம், ஒன்று மாடு, ஒன்று கூரை. எங்கள் டாலரை வெள்ளி என்போம்; ஐந்து வெள்ளி சேர்ந்தால் ஒரு புள்ளி. மாமா சம்பள இரவில் மூடியைத் திருப்பிப் பார்த்து, எந்த வரிசை வளர்ந்திருக்கிறது என்று விரலால் தடவுவார். நிலம் எப்போதும் பின்தங்கியே இருந்தது.

தபால் நிலையச் சேமிப்புக் கணக்கின் நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும். அதை அக்காவிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

"போடறதுக்கு ஒரு நாள் சம்பளம் போவும், எடுக்கறதுக்கு ஒரு நாள் சம்பளம் போவும்" என்பாள் அக்கா. "அங்க போய்க் கைநாட்டு வச்சு, சாட்சிக்கு ஆள் தேடி... இங்க மூடியத் தொறந்தா தெரியுது. உன் தபாலாபீசு அரிசி போடுமா?"

பிறகு, காட்டிலிருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வாசலில் காவல். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தார்கள். மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போகக் கூடாது. வேலிக்குள் தின்பண்டம் சமைத்து விற்பதும் குற்றம். வாசலில் பெண்களின் ரப்பர்ப் பால்வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். அந்த உத்தரவுகளைத் தமிழில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியது நான்தான். எழுத்து அழகாக இருக்கிறது என்று பெரிய கிராணி பாராட்டினார்.

பங்கீட்டு அரிசி வாரக் கடைசியில் டின்னின் அடியைத் தொட்டுவிடும். மஞ்சள் முடிச்சு மேலே தலைகாட்டும். காசை வேறு இடத்தில் வை என்றேன்.

"அரிசியும் இல்லாம காசும் இல்லாம டின்னு வெறுமனே நிக்கணுமா? நல்லா சொன்ன போ" என்றாள்.

ஒருநாள் தோட்டத்து லோரியை மேல் டிவிஷன் பக்கத்தில் யாரோ எரித்துவிட்டார்கள். மறுநாள் காலை பெரட்டு நடக்கவில்லை. போலீஸ் வந்து, எல்லாரையும் வீட்டு வாசலில் நிற்கச்சொல்லி, வீடுவீடாக அரிசியைப் பாயில் கொட்டி அளந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

அக்கா வீட்டில் அரிசி அளவாகவே இருந்தது. ஆனால் அரிசியோடு முடிச்சும் பாயில் விழுந்தது. அறுநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அதிகாரி பணத்தைப் பார்த்தார், பிறகு மூடியைத் திருப்பிப் புள்ளிகளைப் பார்த்தார். காட்டுக்காரர்களுக்குத் தோட்டங்களில் சந்தா வசூலிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. மூன்று வரிசை யார் யார் என்று கேட்டார்.

"ஆளு இல்லீங்க தொரை. நெலம், மாடு, கூரை" என்றார் மாமா. "நாப்பது வயசுல வேலைய விட்டுடலாம்னு சேத்து வைக்கிறோம்."

நான் அதைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. அதிகாரி மாமாவை வெகுநேரம் பார்த்தார். அதிகாரிக்கு ஐம்பத்தைந்தில் ஓய்வூதியம் உண்டு. நாற்பதில் வேலையை விடுவதாகத் திட்டம் போடும் பால்மரத் தொழிலாளி அவர் படித்த எந்தக் குறிப்பிலும் இல்லை. வேலையை விட்டுவிட்டு இவன் எங்கே போகப் பார்க்கிறான் என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டு மரங்களுக்கு அப்பால், காடு இருக்கும் திசையைப் பார்த்தார்.

மாமாவை லோரியில் ஏற்றினார்கள். மண்டோர் அருகிலேயே நின்றார். அன்றைக்கு 'பென்சன்' என்று கூப்பிடவில்லை. "போய்ட்டு வாப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

காவலில் வைக்கப்பட்டவர் ஆட்சேபம் தெரிவிக்கும் முறை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பாரம். நான் பாரத்தை நிரப்பினேன். மாமா, அக்கா இருவரின் சம்பளத்தையும் ஆபீஸின் சம்பளப் பதிவேடான செக்ரோலிலிருந்து வருடம் வருடமாகப் பிரதி எடுத்து, கடைக்கடனைக் கழித்து, எவ்வளவு மிஞ்சியிருக்க முடியும் என்று ஒரு கணக்கு இணைத்தேன். குழுவின் தலைவர் அதைப் பொறுமையாகப் படித்தார். நல்ல கணக்கு என்றார். இதன்படி இவர்களால் முந்நூறு வெள்ளிதான் சேர்த்திருக்க முடியும், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

எனக்குப் பதில் தெரியும். அக்கா விடியற்காலையில் எழுந்து, தன் பங்கு அரிசியில் பாதியை ஊறவைத்து ஆட்டி, பெரட்டுக்கு வருகிறவர்களுக்குத் தோசை சுட்டு விற்றாள். நான் எழுதி ஒட்டிய உத்தரவின்படி அது குற்றம். சொன்னால் ஒரு குற்றம், சொல்லாவிட்டால் இன்னொரு குற்றம். எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று நான் நின்றபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள்.

"தோச வித்தேன் சாமி. நாந்தான் வித்தேன். என் சோத்துல மிச்சம் புடிச்சது. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அதையும் நான் மொழிபெயர்த்தேன். அவளை நம்பினார்கள் என்றே நினைக்கிறேன். தலைவர் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அவளுக்கு அபராதம் விதிக்கவில்லை. ஆனால் மாமாவின் காவல் உத்தரவை ரத்து செய்யவும் இல்லை. தடுப்பு முகாமில் காலவரம்பின்றி இருக்கலாம், அல்லது இந்தியாவுக்குத் திரும்பிப் போகலாம் என்றார்கள். மாமா அங்கே பிறந்தவர். அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவரை, திரும்பிப் போகிறவர் என்று காகிதம் சொன்னது. அக்கா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அவள் எங்கே திரும்புவது என்று காகிதத்தில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு காசு குறையவில்லை. ரசீதில் மாமா கைநாட்டு வைத்தார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

இருவரையும் வழியனுப்பப் போன கிள்ளான் துறைமுகத்தில் மாமா உற்சாகமாக இருப்பதுபோல் நடித்தார். "நாப்பதுக்கு இன்னும் மூணு வருசம் கெடக்கு மாப்ள. முன்னாடியே எறங்கியாச்சு பாத்தியா? கப்பல் காசும் சர்க்கார் செலவுலா." அக்கா சிரிக்கவில்லை. என் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குவதைப் பார்த்து, "ரூம்ல ஊசி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பொய்.

அங்கே போய் மாமா நிலம் வாங்கினார். பங்காளி ஒருவரிடம், நம்பிக்கையின் பேரில். அந்த நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்கக் கூடாது என்பது எந்த ஊரிலும் முதல் நடைமுறை. அதைச் சொல்ல அங்கே ஒரு கிராணி இல்லை. இங்கே ஒருவன் நேரம் தவறாமல் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தான். அக்கா வயல் வேலைக்குப் போனாள் என்றும், பிறகு நோயில் விழுந்தாள் என்றும், பிறகு இல்லை என்றும் ஊர்க்காரர்கள் வழியாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு செய்தியும் வந்து சேர்ந்தபோது பழையதாகியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, விடுப்பு எழுதித்தர வேண்டிய அவசியம் இல்லாத முதல் வருடத்தில், அந்த ஊருக்குப் போனேன். மாமா ஒரு ரைஸ் மில்லில் காவலாளியாக இருந்தார். எழுபதை நெருங்கியவர். வாசலில் ஒரு முக்காலி, பக்கத்தில் தடி. காக்கிச் சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரியது. என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமானது. பிறகு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்தார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். கடைசி நாட்களில் தோசை கேட்டாளாம். கொடுத்ததைத் தின்னவில்லையாம்.

"நீ வேலைய விட்டுட்டியா மாப்ள?"

"விட்டுட்டேன் மாமா. அம்பத்தஞ்சுல."

"ஒடம்புக்கு முடியாமயா, இல்ல நல்லாருக்கும்போதேவா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"நல்லதுலா" என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த மலாயா 'லா' அவர் நாக்கைவிட்டுப் போகவில்லை. மில்லில் இருந்த பையன்கள் அதைக் கேட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள்.

வெளியே லோரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் தரையில் கையூன்றி எழப் பார்த்தார். முதல் முறை முடியவில்லை. நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

"நீ உக்காரு மாப்ள. நீ ரிட்டயரானவன்" என்றார்.

எழுந்து போய், இரும்புக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, லோரி முழுதும் உள்ளே போகிறவரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.