ஒன்றுக்குப் பின் பத்து

கண் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில் அவளுக்குக் ‘கையேட்டக்கா’ என்று பெயர். பத்து வருஷம் தட்டச்சு வேலை பார்த்துவிட்டு, முப்பத்தாறு வயதில் நிரல் எழுத வந்தவள். வந்த புதிதில் இணையத்தில் கிடைத்ததை அள்ளி ஒட்டித்தான் காலம் தள்ளினாள். அப்படி ஒட்டிய நாலு வரி ஒருநாள் ஒரு வாரத்து நோயாளிப் பதிவுகளை வழித்துத் துடைத்துவிட்டது. நகல் இருந்ததால் வேலை தப்பியது, மானம்தான் போயிற்று.

“அந்த வரி என்ன செய்யும்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

மறுநாளே, அந்த நிரல்மொழியை உருவாக்கியவர்கள் எழுதிய கையேட்டைப் பிடித்துக்கொண்டாள். மதிய இடைவேளையில் தினம் ஒரு பக்கம். படித்ததோடு விடமாட்டாள், எடுத்துக்காட்டைத் தட்டிப் பார்ப்பாள், வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பாள், என்ன பிழை வருகிறதென்று சீட்டில் குறித்து வைப்பாள். சீட்டுகள் சமையலறை அலமாரி வரை போயின.

“அண்ணி, சர்க்கரை டப்பாவைத் தேடினா அடைப்புக்குறி கிடைக்குது!” என்று நாத்தனார் சிரித்தாள்.

இரண்டு வருஷம் ஓடியது. மருத்துவமனை புதுக் கிளை திறந்தது. அதற்கென்று அலுவலகத்தில், நோயாளிகளை எண்படி அழைக்கும் வரிசைத் திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் வாரம் அங்கே ஈ ஓட்டினார்கள். இரண்டாம் வாரம் கூட்டம் அலைமோதியது. திரையில் ஒன்றாம் எண்ணுக்கு அடுத்து பத்தாம் எண் வந்தது. இரண்டாம் எண்காரர் மேசையைத் தட்டிக் கத்தினார். அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒன்றை மாற்ற, குழப்பம் இரட்டிப்பானது.

“கொஞ்ச நேரம் யாரும் கை வைக்காதீங்க” என்றாள் அவள்.

கையேட்டில் வரிசைப்படுத்தும் பகுதியைத் திறந்தாள். அரைப் பக்கம் படித்ததும் விரல் நின்றது. எப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லாவிட்டால், எண்களையும் அந்த நிரல்மொழி எழுத்துகளாகவே பார்க்கும். 1 என்று தொடங்குவதால் 10 முந்திக்கொள்ளும். 2 பின்னால் நிற்கும்.

“முதல் வாரம் ஒரு நாள்கூட ஒன்பது பேரைத் தாண்டல. அதான் தப்பு வெளிய தெரியல.”

ஒரே ஒரு வரியை மாற்றினாள். கிளையிலிருந்து போன் வந்தது: “சரியாயிடுச்சு.”

“எல்லாம் மனப்பாடமா?” என்றார் தலைவர்.

“இல்ல சார். எங்க பாக்கணும்னு தெரியும். ஊகிக்கிறதை விட்டுட்டேன், அவ்வளவுதான்.”

போன மாதம் அந்தக் கையேட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு தவறாகப் பட்டது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். தவறு தன்னுடையதல்ல என்று உறுதியானதும் உரியவர்களுக்கு எழுதிப் போட்டாள். நாலாம் நாள் பதில் வந்தது: நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டோம்.

பேருந்து ஓட்டும் கணவர் கேட்டார்: “உன் பேரைப் போட்டிருக்காங்களா?”

“அடியில. பொடி எழுத்துல.”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் அந்தக் கையேட்டுப் பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். பெயர் வந்ததும் அதைக் காட்டத் தன் தங்கையைக் கூப்பிட்டார்.